விரல் கோணிப்போன கண் டாக்டர், பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பிள்ளைக: ஹார்வர்டு வரைக்கும் போன மதுரைக் கணக்கு!

[கேமராவை நேரா பார்த்து]

கண் ஆபரேஷனுக்குப் படுத்திருக்கீங்க. உள்ள வர்ற டாக்டரோட கைவிரல் எல்லாம் முறுக்கிக்கிட்டுக் கோணலா இருக்கு. எந்திரிச்சு ஓடுவீங்களா, மாட்டீங்களா? நான் ஓடியிருப்பேன்ப்பா.

ஓடாம படுத்திருந்தவங்க ஒரு லட்சம் பேருக்கு மேல. அத்தனை பேருக்கும் ஆபரேஷன் பண்ணது அந்தக் கைதான்.

[டைட்டில் இசை]

வணக்கம் மக்களே! இன்னைக்குத் தலைப்பு, எல்லாரையும் சேத்துக்கிற வேலையிடம். கேட்டதும் கொட்டாவி வருதுல்ல? தப்பு உங்க மேல இல்ல. மார்ச் 8 வந்தா ஆபீஸ்ல கோலப்போட்டி, ஆளுக்கொரு ரோஜாப்பூ, ஒரு குரூப் போட்டோ, மறுநாள் அதே பொம்பளைப் பிள்ளைக்கு அதே பழைய மரியாதை. இதைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு. அதனால ரோஜாப்பூ குடுக்காத ஒரு முதலாளியைப் பத்திப் பேசுவோம்.

வரலாற்றை வேகமா ஓட்டிடுறேன். கோவிந்தப்ப வெங்கடசாமி, ஊரெல்லாம் டாக்டர் வி. 1918-ல வடமலாபுரத்துல பிறந்தவர். பிரசவம் பாக்குற டாக்டராகணும்னு ஆசைப்பட்டார். ராணுவத்துல டாக்டரா இருந்தவரை முடக்குவாதம் அடிச்சுப் போட்டுருச்சு. பேனா பிடிக்கவே பாடு. பிரசவ வார்டை விட்டுட்டுக் கண் மருத்துவம் படிச்சார், தன் கைக்குத் தோதா கருவிகளை அமைச்சுக்கிட்டார், மதுரை மருத்துவக் கல்லூரியில கண் பிரிவுக்கே தலைவரானார். 58 வயசுல ரிட்டயர்டு. 1976-ல கூடப்பொறந்தவங்க, மச்சினன்னு குடும்பத்தையே சேத்துக்கிட்டு மதுரை அண்ணாநகர்ல 11 படுக்கையோட தொடங்குனதுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. அம்புட்டுத்தான் வரலாறு.

அந்தக் கருவி விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க. கை இப்படித்தான் இருக்கும்னு ஆனப்புறம், கத்தியோட பிடியை மாத்துனாங்க. இன்னைக்கு நான் சொல்ல வந்த மொத்தமும் அந்தப் பிடிக்குள்ளதான் இருக்கு.

[திரையில்: நீலப் புடவை, வெள்ளைப் புடவையில சிஸ்டர்கள் வரைபடம்]

இப்ப மெயின் மேட்டர். அரவிந்த்ல வேலை பாக்குறவங்கள்ல பாதிக்கும் மேல யாரு தெரியுமா? டாக்டர் கிடையாது. பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்க. நிறையப் பேருக்கு அப்பா அம்மா காட்டு வேலை. காலேஜுக்குப் போக வசதி இல்ல, வீட்டுல அடுத்த பேச்சு மாப்பிள்ளை. அந்தப் பிள்ளைகளை எடுத்து ரெண்டு வருஷம் பயிற்சி குடுக்குறாங்க, அந்த ரெண்டு வருஷமும் உதவித்தொகையோட. இந்தப் படையைக் கட்டி வளத்ததுல பெரிய பங்கு டாக்டர் வி-யோட தங்கச்சி டாக்டர் நாச்சியாருக்கு. 2024-ல பத்மஸ்ரீ வாங்குனாங்களே, அவங்கதான். பார்வை சோதிக்கிறது, கண்ணாடி பவர் பாக்குறது, பயந்து நிக்கிற பாட்டிகிட்ட உக்காந்து பேசுறது, தியேட்டர்ல டாக்டருக்குக் கருவி எடுத்துக் குடுக்குறது, எல்லாம் இந்தப் பிள்ளைகதான்.

"ஏம்ப்பா, டாக்டர் செய்ய வேண்டியதைப் பிளஸ் டூ பிள்ளைகிட்டக் குடுக்கலாமா?"ன்னு கமெண்ட் போடப் போறீங்க. கொஞ்சம் பொறுங்க.

[திரையில்: ராத்திரி பரோட்டாக் கடை]

ராத்திரி பத்து மணிக்கு நம்மூர்ப் பரோட்டாக் கடைக்கு வாங்க. கல்லுக்கு முன்னாடி மாஸ்டர். அவரு மாவு பிசையிறாரா? இல்ல. உருண்டை பிடிச்சு எண்ணெய்ல ஊற வச்சது வேற ஆளு. வெங்காயம் உரிச்சது ஒரு ஆளு, சால்னா ஊத்துறது ஒரு ஆளு, இலை எடுக்குறது ஒரு பையன், கல்லாவுல ஒரு அண்ணாச்சி. மாஸ்டருக்கு ஒரே வேலை, வீசுறது, போடுறது, தட்டுறது. அவரைப் போயி "அண்ணே, அந்த அஞ்சாம் டேபிளுக்கு பில்லு"ன்னு கேட்டுப் பாருங்க. தோசைக்கரண்டி பறந்து வரும். ஏன்னா அவரு கை நின்னா கடையே நின்னுபோகும்.

அரவிந்த் தியேட்டர்லயும் அதேதான். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு டேபிள். ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததுல இன்னொருத்தரைத் தயார்பண்ணி வச்சிருவாங்க சிஸ்டர்களான அந்தப் பிள்ளைக. இதை முடிச்சுட்டு டாக்டர் அந்தப் பக்கம் திரும்புனாப் போதும். இந்த முறையை 1993-லயே ஹார்வர்டு வணிகப் பள்ளியில பாடமா எழுதிட்டாங்க. டாக்டர் வி இதுக்கு எதை உதாரணமாச் சொல்வாரு தெரியுமா? அமெரிக்காவுல பாத்த மெக்டொனால்ட்ஸை! ஐயா, மதுரையில இருந்துக்கிட்டு நம்ம பரோட்டாக் கடை உங்க கண்ணுல படலையா? கண் டாக்டர் வேற. எனக்கு இதுல நிஜமாவே வருத்தம்.

ஆனா பாருங்க, கைக்குத் தோதா கத்திப் பிடியை மாத்துன மாதிரி, ஆளுக்குத் தோதா வேலையை இப்படிப் பிரிச்சதுனாலதான் ஒரு வாசல் திறந்துச்சு. "எல்லாம் தெரிஞ்ச ஆளு வேணும்"னு போர்டு மாட்டியிருந்தா மேலூர்ப் பக்கத்துப் பொண்ணு உள்ளயே வந்திருக்க முடியாது. ஒரு வேலையை ரெண்டு வருஷத்துல நுணுக்கமா கத்துக்கலாம்னு ஆக்குனதும் வந்துருச்சு. 1992-ல ஆரம்பிச்ச அரவிந்தோட தயாரிப்புப் பிரிவு அரோலேப்லயும் இதே கதை. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் அங்க தயாராகி நூத்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது. உள்ள மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்கது பெரும்பாலும் நம்ம ஊர்ப் பொண்ணுங்கதான்.

இது புண்ணியமா, இல்ல குறைஞ்ச செலவுல ஆள் பிடிக்கிற சாமர்த்தியமா? ரெண்டும்தான்னு நான் சொல்வேன். சாமர்த்தியம் இல்லாத புண்ணியம் ரெண்டு வருஷத்துல சோர்ந்துபோகும். அதுக்காகக் கேள்வியை விட்டுற முடியாது. உள்ள வந்த பொண்ணு இருபது வருஷம் கழிச்சு எங்க நிக்குது? பயிற்சி குடுக்குறவங்களா, மேற்பார்வையாளரா உயர்ந்தவங்க இருக்காங்க. கல்யாணத்தோட வேலையை விட்டுப் போறவங்களும் நிறைய. வாசலைத் திறந்த முதலாளி படிக்கட்டும் கட்டணும்ல? இந்தக் கேள்வி மதுரையில இருக்க எல்லா முதலாளிக்கும்தான்.

முதலாளின்னதும் கோட்டு சூட்டா நினைக்காதீங்க. அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம்னு பெண்கள் சேமிப்புக் குழுக்களை நடத்திக் காட்டுனவங்க. விருது குடுக்குறப்ப பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்குனார். அப்புறம் 2019-ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. இவங்களுக்குத் தனி வீடியோவே போடணும், வேணும்னா லைக்ல காட்டுங்க.

சட்டம் பக்கம் சட்டுனு போயிட்டு வந்துருவோம். பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல பாலியல் புகாரை விசாரிக்க உள்புகார்க் குழு இருக்கணும், இது 2013 சட்டம். 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா குழந்தைகள் காப்பகம் வேணும், இது மகப்பேறு நலச் சட்டத்துல 2017-ல வந்த திருத்தம். 2021-ல நம்ம சட்டசபை கொண்டு வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: கடை ஊழியர்களுக்கு உக்கார இருக்கை குடுத்தே ஆகணும். கேரளாவுல 2018-லயே வந்துருச்சு, அதுவும் கோழிக்கோடு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்குனது. நாள் பூரா நின்னு சேலை விரிக்கிற அக்காவுக்கு ஒரு ஸ்டூல் போட நாட்டுல சட்டம் வேண்டியிருக்கு பாருங்க!

இப்ப உங்களுக்கு வேலை. விளக்குத்தூண் பக்கம், மாசி வீதிப் பக்கம் கடைகள்ல வேலை பாக்குற சொந்தங்களே, உங்க கடையில ஸ்டூல் இருக்கா? இருந்தா அதுல உக்கார விடுறாங்களா, இல்ல அது மேல அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கா? கமெண்ட்ல சொல்லுங்க. கடை பேரு மட்டும் போட்டுறாதீங்க, ஓனரும் நம்ம சேனல் பாக்குறவரா இருப்பாரு.