தொட்டி கட்டுவது சுலபம், தண்ணீர் யாருடையது?

(வேலூரில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். போரில் உடைந்த குடிநீர், கழிவுநீர் வசதிகளை மறுபடி கட்டும்போது அது சூழலையும் மக்களையும் எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்திருக்கிற அண்ணன், அக்காமாருக்கு, இலங்கையின் கிளிநொச்சியில் ஏ9 சாலையோரம் போரில் சாய்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பார்க்கிற யாருக்கும் புதிதாக ஒன்று கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். தொட்டி கட்டிவிடலாம். அதில் ஏற்றுகிற தண்ணீர் யாருடையது என்பதில்தான் சிக்கலே.

போருக்குப் பிறகு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோக ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் திட்டம் போட்டார்கள். சிறுபோகத்துக்கே, அதாவது கோடை நெல் சாகுபடிக்கே, பத்தாத குளத்தில் கைவைப்பதா என்று கிளிநொச்சி விவசாயிகள் மறித்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2024இல் திறப்பு. அங்கே பிரித்தெடுத்த உப்பு மறுபடி கடலுக்குத்தானே போகும்? அது மீனவர் கவலை. அப்புறம் இன்னொன்று, யாழ்ப்பாணத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை, ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும். குழாயில் தாராளமாக வரும் தண்ணீர் கழிவாகி இறங்கினால் அதே கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

உக்ரைனில் மைகோலாயிவ் என்றொரு ஊர். 2022 ஏப்ரலில் போரில் பிரதானக் குழாய் உடைந்தது. குடிக்க இல்லாவிட்டாலும் புழங்கவாவது வேண்டுமே என்று கழிமுகத்து உப்புத்தண்ணீரை ஊர்க்குழாயில் விட்டார்கள், வேறு வழியும் இல்லை. அந்த உப்பு குழாய்களையே அரித்துவிட்டது. அவசரத்தில் செய்தது எதையெல்லாம் கெடுத்தது என்றும் கணக்கு எழுதி வைக்கவேண்டும், இல்லையென்றால் புதுக் குழாயைப் பழைய ஓட்டைக் குழாயோடு இணைத்துவிட்டு ரிப்பன் வெட்டிவிடுவார்கள்.

ஒரு திட்டம் ஊர்மக்களை எப்படிப் பாதிக்கும் என்று பார்க்கிற சமூகத் தாக்க மதிப்பீடு என்றால் கேள்வித்தாள் நீட்டுவது என்று நினைக்கிறோம். குண்டு விழுந்த ஊரில் வரைபடம் எரிந்திருக்கும், எந்த வால்வு எங்கே என்று தெரிந்த ஆள் அகதியாகப் போயிருப்பார். அவரைத் தேடிப் பிடிப்பதும் மதிப்பீடுதான்.

சண்டையே இல்லாத நம் ஊரில் என்ன நடந்தது? எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது குடிநீர்க் குழாயைப் பெயர்த்துவிட்டார்கள், மூன்று நாள் குடத்தில் மஞ்சள் தண்ணீர், அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முனைவீட்டு அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், முப்பது வருஷமாக அங்கேதான் குடம் வைக்கிறார்.