ஏற்றத்தில் எத்தனை அம்பியர்?

வணக்கம் நேயர்களே. 2022இல் இலங்கையில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சமயத்தில்தான் நம்மில் பலர் சைக்கிளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம், அப்படியே மோட்டார் பூட்டிய சைக்கிள் பக்கமும் பேச்சு போனது. வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். மோட்டாரில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பற்றரி எத்தனை வோல்ட், பற்றரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கண்ட்ரோலர் அதிகபட்சம் எத்தனை அம்பியர் விடும் என்று கேளுங்கள், இரண்டையும் பெருக்கினால் பற்றரியிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு எடுக்கும் என்பது தெரிந்துவிடும். 36 வோல்ட், 15 அம்பியர் என்றால் 540 வாட்ஸ், அதிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போன பிறகுதான் மிச்சம் சக்கரத்துக்கு வரும்.

சரி, நம்முடைய ஏற்றத்துக்கு எவ்வளவு வேண்டும்? ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, மேலே தூக்குவதற்கு மட்டும் 330 வாட்ஸ் அளவில் போகும். அதே ஏற்றத்தை 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 175 போதும், அதில் ஒரு 75ஐ, 100ஐ உங்கள் கால் கொடுத்துவிடும்.

அப்படியென்றால் மெதுவாகப் போனால் மோட்டாருக்குச் சுகம்தானே என்று கேட்பீர்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டாருக்கு அது சரிவராது. மோட்டாரின் முறுக்கு விசை கரண்டைப் பொறுத்தது, ஏற்றம் எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு கரண்ட் வேண்டும், மெதுவாகப் போனாலும் அது குறையாது. மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது கண்ட்ரோலர் வோல்டைக் குறைத்து கரண்டைக் கூட்டிக் கொடுக்கும், அதனால் பற்றரியிலிருந்து 10 அம்பியர் போகிற நேரத்தில் மோட்டார் கம்பிச் சுருளுக்குள் 30, 40 அம்பியர் ஓடிக்கொண்டிருக்கலாம். டிஸ்பிளேயில் வழக்கமாகத் தெரிவது பற்றரிக் கணக்கு மட்டும்தான், உள்ளே நடப்பதை அது காட்டாது. கரண்ட் இரண்டு மடங்கானால் சுருளில் வெப்பம் நான்கு மடங்கு. முடக்கில் திரும்பி, வேகம் விழுந்து, நடக்கிற வேகத்துக்கு வந்த பிறகும் எக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல மோட்டாரைக் கெடுக்கும் பழக்கம் வேறு இல்லை. அந்த இடத்தில் மிதியுங்கள், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒன்றும் வெட்கமில்லை! பெடல் அச்சில் பூட்டும் நடு மோட்டார் என்றால் வேறு கதை, கியரைக் குறைத்தால் சக்கரம் மெதுவாகப் போனாலும் மோட்டார் தன் வேகத்தில் சுற்றும், கரண்டும் இறங்கும். மலையகத்துக்கு எது என்று என்னைக் கேட்டால், விலை கூடினாலும் அதைத்தான் சொல்வேன், செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும் என்பதையும் சேர்த்தே.

அப்புறம் இந்த ஷண்ட் வேலை. கண்ட்ரோலருக்குள் கரண்டை அளக்கும் ஒரு சின்னக் கம்பி இருக்கும், அதன்மேல் ஈயம் வைத்துவிட்டால் கண்ட்ரோலர் குறைவாகத்தான் போகிறது என்று ஏமாந்து இன்னும் விடும். இழுவை கூடும், உண்மை. ஆனால் மோட்டாருக்குள் நைலோன் பல்சக்கரம் இருந்தால் அது போகும், இல்லாவிட்டால் கண்ட்ரோலர் புகையும், இல்லாவிட்டால் பற்றரியின் பாதுகாப்புச் சுற்று நடு ஏற்றத்தில் வெட்டிவிடும். யாராவது செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறினால் கிட்டத்தட்ட 1400 மீட்டர் உயர்வு. அந்த 100 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கவே 380 வாட் மணி, அதாவது ஒரு மணி நேரம் முழுக்க 380 வாட்ஸ் எடுக்கிற அளவு, வேண்டும், 36 வோல்ட் 10 அம்பியர் மணி பற்றரி முழுதாக நிரம்பினாலும் அதில் இருப்பது 360தான். ஆகவே மிதிக்காமல் ஏறிவிடலாம் என்று யாராவது விற்றால் இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

இறங்கும்போது பற்றரி திரும்ப நிரம்பும் என்பார்கள். உள்ளே கியர் வைத்த சாதாரண ஹப் மோட்டாரில் அது நடக்காது, நேரடியாகச் சுற்றும் மோட்டாரில் நடக்கும், அதுவும் கண்ட்ரோலரில் வசதி இருந்தால். ஆனால் மேலே வீடு இருக்கிறவர்கள் காலையில் பற்றரியை முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்கினால் வரும் கரண்டுக்கு இடமே இருக்காது, பாதுகாப்புச் சுற்று வெட்டும், பற்றரியை நிரப்பும்போது மோட்டார் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக் திடீரென்று விட்டுவிடும். கொஞ்சம் இடம் விட்டு சார்ஜ் செய்யுங்கள், பிரேக் கட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.