கொழு இருக்கிறது, கொல்லர் எங்கே?

(உழவுக் கருவிகள் காட்சிக்கூடத் திறப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே; கூடத்தைத் திறந்துவைத்ததோடு, தம் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையில் இருந்த, சால் எனப்படும் இரும்பு வாளி ஒன்றையும் நன்கொடையாக வழங்கியிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே; வேளாண்மைத் துறையில் இணை இயக்குநராக இருந்து பணிநிறைவு பெற்ற பின்னும் நாளும் ஒரு வயலை மிதிக்காமல் உறங்காத பெரியவர் அவர்களே; ஒரு பேருந்து நிறைய மாணவியரை அழைத்து வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே; பந்தலும் நாற்காலியும் கட்டணமின்றித் தந்த வணிகர் சங்கத்தாரே; முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே; நாற்காலிகள் காலியாக இருந்தும் கூச்சத்தால் பின்னால் நின்றுகொண்டிருக்கும் ஆசாரிமார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வரவேற்புரை ஆற்றிய செயலாளர் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியை அவருடைய அன்புக்கும் மீதியை அவருடைய மறதிக்கும் உரியதாக எடுத்துக்கொள்கிறேன். போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அந்தப் பணத்துக்கு இரண்டு மூட்டை அடுப்புக்கரி வாங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதன் காரணத்தை உரையின் கடைசியில் அறிவீர்கள்.

‘அகல உழுவதை விட ஆழ உழுவது மேல்’ என்பது நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்லிவிடுகிற பழமொழி. நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆனால் கலப்பைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைச் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது? உள்ளே போய்ப் பார்த்தேன். நுகத்தடிகள், பரம்புகள், கவலைச் சால்கள், பார வண்டியின் சக்கரங்கள் என்று கூடம் நிறைந்திருக்கிறது. திரட்டியவர்களின் உழைப்பு சாதாரணமானது அன்று. ஆனால் பெரும்பாலானவற்றின் அடியில் ‘பழங்காலக் கலப்பை’, ‘பழங்கால நுகம்’ என்று இரண்டிரண்டு சொற்களே எழுதப்பட்டிருக்கின்றன. எந்த ஊரிலிருந்து வந்தது, கரிசலில் ஓடியதா செம்மண்ணில் ஓடியதா, என்ன மரம், யார் செய்தது என்ற விவரம் ஒன்றும் இல்லை. இதைத்தான் நான் அகல உழுதது என்பேன்.

மூன்று செய்திகளைப் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். முதலாவது, இக்கருவிகளை அடையாளம் காண்பது. இரண்டாவது, கெடாமல் காப்பது. மூன்றாவது, மக்களுக்கு எப்படிக் காட்டுவது என்பது.

அடையாளம் காண்பதற்கு முதல் வழி, அந்தக் கருவி மண்ணை என்ன செய்தது என்று கேட்பதுதான். நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும், புரட்டிப் போடாது. அது மண்ணில் கீறும் உழவுச் சால் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். மண்ணை ஒருபக்கமாகப் புரட்டித் தள்ளும் வளைந்த இரும்புத் தகடு ஒரு கலப்பையில் இருந்தால், அது மேலை நாட்டுக் கலப்பையின் வழி வந்தது. சென்னை மாகாண அரசு 1860களில் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை அமைத்து மேலை நாட்டுக் கருவிகளை ஓட்டிப் பார்த்தது. பம்பாய் மாகாணத்தில் கிர்லோஸ்கர் என்ற தொழில்முனைவர் 1903இல் இரும்புக் கலப்பை செய்யத் தொடங்கினார். பின்னர் கோவைப் பட்டறைகளிலும் வார்ப்பு வேலை பெருகியது. ஆகவே உள்ளே வலது மூலையில் இருக்கும் இரும்புக் கலப்பையின்மேல் எழுதியிருக்கும் ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்ற அட்டையை, மாணவியர் படிப்பதற்கு முன் எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது வழி, தேய்மானம். நுகத்தடியைத் திருப்பிப் பாருங்கள். மாட்டின் கழுத்துப் பட்ட இரண்டு இடங்கள் கண்ணாடி போல் வழுவழுப்பாகக் குழிந்திருக்கும். அந்த இரண்டு குழிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தால், மாடுகள் எவ்வளவு நெருக்கமாக நடந்தன, அது உழவு நுகமா வண்டி நுகமா என்று ஊகித்துவிடலாம். கலப்பையின் கைப்பிடியான மேழியில் உள்ளங்கை படிந்த இடம் கறுத்திருக்கும். மண்ணைக் கீறும் இரும்பு முனையான கொழுவின் எந்தப் பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது என்பது, உழுதவர் கலப்பையை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தார் என்று சொல்லும். இவற்றை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் சாட்சி போய்விட்டது. உறுப்புகளின் பெயர்களுக்கு வெளிநாட்டு அகராதி தேட வேண்டாம். கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது மேழி, ஊற்றாணி, நுகத்துளை, நுகத்தாணி, பூட்டுகயிறு, கொழு ஆணி, தாற்றுக்கோல் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே பாட்டு வைத்திருக்கிறது. அந்தப் பெயர்களோடு, இந்த வட்டாரத்து வழக்கையும் அட்டையில் சேர்த்து எழுதினால் போதும்.

அமெரிக்காவில் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஏரை இழுத்தது பெரும்பாலும் குதிரை. 1831இல் வர்ஜீனியாவில் சைரஸ் மெக்கார்மிக் குதிரை இழுக்கும் அறுவடைக் கருவியை ஓட்டிக் காட்டி 1834இல் காப்புரிமை பெற்றார். 1837இல் இல்லினாய் மாநிலத்தில் ஜான் டீர் என்ற கொல்லர் ஒட்டும் மண்ணில் வழுக்கிச் செல்லும் எஃகுக் கலப்பையைச் செய்தார். அவர் கொல்லர் என்பதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் ஒரு துருப்பிடித்த குதிரைக் கருவி கிடைத்தால், முதலில் தூரிகையால் மண்ணைத் தட்டி, வார்ப்பில் எழும்பி நிற்கும் எழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் படிப்பார்கள். உறுப்பு எண்ணும் காப்புரிமை நாளும் தெரியவரும். காப்புரிமை நாளைக் கருவி பிறந்த நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முன் அது செய்யப்பட்டிருக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சான்று. மெக்கார்மிக் நிறுவனமும், டீரிங் என்ற மற்றோர் அறுவடைக் கருவி நிறுவனமும் 1902இல்தான் ஒரே நிறுவனமாக இணைந்தன. எனவே இரண்டு பெயரும் சேர்ந்து வார்க்கப்பட்டிருந்தால் கருவி அதற்குப் பிற்பட்டது. நம் மரக்கலப்பையில் இப்படி வார்த்த எழுத்துக் கிடையாது. செய்தவரின் கைதான் எழுத்து. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இட்லி நன்றாகவே இருந்தது. உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் அங்கே இறங்கினோம். எங்களோடு எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே ஒரு பெரிய இரும்புப் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, நடுவில் மின்விளக்கு மாட்டி, ‘பழங்காலக் கோயில் மணி’ என்று எழுதி வைத்திருந்தார்கள். பெரியவர் உட்காரவில்லை. மேலாளரை அழைத்து, “ஏங்கண்ணு, இந்த மணி எந்தக் கோயில்ல இருந்துச்சு?” என்று கேட்டார். மேலாளர் தயங்காமல், “மலைமேல ஒரு கோயில்ங்க ஐயா” என்றார். “அப்ப நாக்கு எங்கே?” என்றார் பெரியவர். மேலாளர் தம் நாக்கைத் தொட்டுக்கொண்டார். மண்டபமே சிரித்தது. பிறகு பெரியவர் ஒரு நாற்காலியின்மேல் ஏறினார். நாங்கள் நால்வர் பிடித்துக்கொண்டோம். பாத்திரத்தின் உள்ளே கையை விட்டுத் தடவினார். முகம் மாறியது. “கண்ணு, இது கவலைச் சால். அடியில தண்ணி கொட்டற தோல் குழாய், அதான் தும்பி, அதைக் கட்டற வளையம் இருக்குது பாரு. ஒட்டுப் போட்டிருக்குது, ஆணித் தலை உள்ளே இருக்குது. வெளியே தலை இருந்தா கிணத்துக் கல்லுல இடிச்சுத் தெறிச்சுப் போயிரும்னு எங்கூரு ஆசாரி ஒருத்தருதான் இப்படி அடிப்பாரு. வேற யாரும் அடிக்க மாட்டாங்க” என்றார். அந்த ஆசாரியின் பெயரையும், அவர் உலைக்களம் எந்த வேப்பமரத்தடியில் இருந்தது என்பதையும் சொன்னார். அத்தோடு விட்டாரா? கவலை என்றால் என்ன என்று கேட்ட பரிமாறும் பையன்கள் இருவரையும் மாடுகளாக நிற்க வைத்து, தோள்மேல் துடைப்பக்கட்டையை நுகமாக ஏற்றி, தம் துண்டை வடமாகக் கட்டி, சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே முன்னே நடக்கச் சொன்னார். “இப்ப சால் மேல வருது, வால்கயிறு இழுத்துப் பிடிச்சுத் தும்பி வாயைத் தொட்டியில திறக்குது, தண்ணி கொட்டுது. இனி பின்னால நடங்க! மாடு திரும்பக் கூடாது, முகம் அந்தப் பக்கமே இருக்கணும்!” பையன்கள் பின்னோக்கி நடந்து சாம்பார் வாளியில் மோதியதும், கல்லாவில் இருந்த அம்மையார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டியதும் கண்முன்னே நிற்கின்றன. அடுத்த முறை அவ்வழியே போனபோது அட்டையில் ‘கவலைச் சால்’ என்று திருத்தி எழுதியிருந்தது. விளக்கு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

ஓர் ஆணித் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலிருந்து, செய்தவரின் பெயர் வரைக்கும் போக முடிகிறது. ஆழ உழுவது என்றால் இதுதான். அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் சொன்னதை அன்றே ஒரு தாளில் எழுதியிருந்தால், அது இந்தக் கூடத்தின் எந்தப் பொருளையும் விட மதிப்புள்ளதாக இருந்திருக்கும்.

காப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்துக்கு வார்னிஷும் இரும்புக்குப் பச்சை எனாமலும் அடிக்கும் ஆசையை அடக்க வேண்டும். பெயிண்ட் தேய்மானத்தையும் கொல்லரின் சுத்தியல் தழும்பையும் ஒருசேர மறைத்துவிடும். துருவை அமிலத்தில் ஊறவைத்து எடுக்க வேண்டாம். கம்பித் தூரிகைகூட வேண்டாம், நார்த் தூரிகையால் உதிர்வதை மட்டும் உதிர்த்துவிட்டு மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். மண்தரையில் நேராக நிறுத்தினால் கரையான் ஏறும். செங்கல்மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். கலப்பைக்கட்டையின் அடியில் மாவு போல் பொடி உதிர்ந்து கிடந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள். அந்தக் கருவியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். தோல் தும்பிகள் அரிதாகவே எஞ்சியிருக்கின்றன. அவற்றை மடித்துவைத்தால் மடிப்பிலேயே வெடிக்கும். உள்ளே பழந்துணியைச் சுருட்டி அடைத்து வடிவம் கெடாமல் வைக்க வேண்டும். தும்பி தைத்த தோல்தொழிலாளர்களை நம் ஊர்கள் கிணற்றுப் பக்கமே அண்டவிடவில்லை. அவர்கள் தைத்த தோலில் வந்த தண்ணீரை மட்டும் எல்லாரும் குடித்தோம். அட்டையில் பெயர் எழுதத் தொடங்கும்போது முதல் பெயர் அவர்களுடையதாக இருக்கட்டும்.

நான் உண்மையில் பேச வந்தது இனிமேல்தான். கருவியைக் காத்துவிட்டு, அதைச் செய்யத் தெரிந்தவரைக் கைவிட்டால் என்ன பயன்? 1889இல் இந்தியாவுக்கு வந்து ஆய்வு செய்து 1893இல் அறிக்கை தந்த வோல்க்கர் என்ற ஆங்கில வேளாண் வேதியியலார், நம் கலப்பையை எள்ளி நகையாடவில்லை. அது மலிவானது, இலேசானது, ஊரிலேயே செய்யவும் செப்பனிடவும் தக்கது என்பதை உணர்ந்தே எழுதினார். அந்த ‘ஊரிலேயே’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்று ஊரில் உலைக்களம் இல்லை. பென்சில்வேனியாவிலும் ஒகையோவிலும் நவீன எந்திரங்களைப் பெரிதும் தவிர்த்து வாழும் கிறித்தவச் சமூகத்தாரான ஆமிஷ் மக்கள் இன்றும் குதிரை பூட்டி உழுகிறார்கள். அவர்களுடைய பட்டறைகளில் குதிரைக் கருவிகள் புதிதாகச் செய்யப்படுகின்றன, பழையவற்றுக்கு உறுப்புகள் அடித்துத் தரப்படுகின்றன. பட்டறை உயிரோடு இருப்பதால் கருவியும் அங்கே உயிரோடு இருக்கிறது.

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாட்டுவதை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்கியவர்கள் எல்லாரும் நரைத்தவர்கள். ஆசாரி சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்தில் ஆரக்கால்களைச் செருகி, வெளி வளையமான வட்டையை முடித்துத் தருவார். கொல்லர் அதன் சுற்றளவை அளந்து, இரும்புப் பட்டையைச் சற்றே குறைவாக வளைத்துப் பற்றவைப்பார். எவ்வளவு குறைவு என்பதுதான் வித்தை. மிகக் குறைத்தால் ஆரக்கால் நெளியும். குறைக்காவிட்டால் கோடையில் பட்டை கழன்றுவிடும். வறட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டை பழுத்து விரிந்ததும் கொறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, மரம் எரியத் தொடங்கும் முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது மரம் முனகும். மூட்டுகள் எல்லாம் இறுகும். இந்தக் கூடத்தில் இருக்கும் சக்கரங்களில் இரண்டுக்குப் பட்டை தளர்ந்து ஆடுகிறது. அதை இறுக்கத் தெரிந்தவர்கள், இதோ, பின்னால் நிற்கிறார்கள்.

ஆகவே விழாக் குழுவுக்கு என் வேண்டுகோள் இது. ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம் 18 தொழில்களுக்கும், மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்கும் கடனும் பயிற்சியும் தருகின்றன. இரண்டையும் பற்றிய அரசியல் வாதத்தை இந்த மேடையில் நான் தொடப்போவதில்லை. அவற்றுக்காகக் காத்திராமல், இக்கூடத்தின் பின்புறக் கொட்டகையில் ஓர் உலைக்களத்தைக் குழுவே அமைக்க வேண்டும். ஒரு கொல்லருக்கும் ஒரு மர ஆசாரிக்கும் மாத ஊதியம் கொடுக்க வேண்டும். அவர்களிடம் கற்க எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். முதல்வர் அம்மையாரின் மாணவியர் வந்தால் இன்னும் மகிழ்ச்சி. அவர்கள் கருவியைச் செப்பனிடும்போது, அருகில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆண்டுக்குப் பத்துக் கருவிகள் முடிந்தாலும் போதும். அகல உழ வேண்டாம், ஆழ உழுவோம்.

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். மதிய உணவு ஆறிவிடும் என்கிறார். மூன்றாவது செய்தியாகிய காட்சிப்படுத்துதலை இணை இயக்குநர் ஐயா என்னை விட நன்றாகப் பேசுவார், அவரிடமே விட்டுவிடுகிறேன். பொருளாளர் அவர்கள் வரவுசெலவுத் திட்டத்தில் பொன்னாடைக்கு ஒதுக்கியிருக்கும் தொகையை அடுத்த ஆண்டு முதல் அடுப்புக்கரிக்கு மாற்ற வேண்டும் என்று முன்மொழிகிறேன். பின்னால் நிற்பவர்களில் யாராவது ஒருவர் முன்வந்து வழிமொழிய வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.