மூணாவது பாத்ரூம்

போன ஞாயித்துக்கெழம புதுச்சேரில ஸ்கூல் பசங்களுக்கும் அவங்களக் கூட்டிட்டு வந்த பெத்தவங்களுக்கும் பேசினது. பேசினபடியே எழுதிருக்கேன், கொஞ்சம் அங்க இங்க ஓடும்.

எல்லாருக்கும் வணக்கம். உள்ள வரும்போதே ஒரு பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டா, ஒம்பதாவது படிக்கிறாளாம், ஆன்ட்டி நீங்க வெட்னஸ்டே பாத்தீங்களான்னு கேட்டா. பாத்தேன்டா, ரெண்டு தடவ பாத்தேன்னேன். பக்கத்துல அவங்க அம்மா, மேடம் இத நீங்களே என்கரேஜ் பண்ணாதீங்க, அதப் பாத்துட்டு இவ கருப்பு டிரஸ் தவிர வேற எதுவும் போடமாட்றா, ராத்திரில லைட்டயும் ஆஃப் பண்ண விடமாட்றான்னாங்க. எனக்கு அந்தம்மா மேல கோவம் வரல, பெத்தவங்களுக்கு அந்த பயம் வரத்தான் செய்யும். ஆனா நான் இன்னிக்கு அந்தப் பொண்ணு பக்கம் நின்னுதான் பேசப் போறேன். ஹாஸ்டல், பேய், துப்பறியறது, சிரிப்பு, இந்த நாலும் சேந்த கதை பசங்களுக்கு ஏன் வேணும், அது ஏன் தமிழ்ல இன்னும் நிறைய வரணும், அதுதான் பேச்சு.

பாக்காதவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடுறேன். வெட்னஸ்டேங்கறது ஒரு இங்கிலீஷ் சீரியல், அதுல வர்ற பொண்ணோட பேரும் அதான். தம்பிய வம்பு பண்ண பசங்க நீச்சல் குளத்துல இருக்கும்போது பிரானா மீன அதுல விட்டுட்டா, அதனால ஸ்கூல்ல சேத்துக்கமாட்டேன்னுட்டாங்க, அப்பா அம்மா தாங்க படிச்ச பழைய ஹாஸ்டல் ஸ்கூல்லயே கொண்டாந்து விட்டுர்றாங்க. அங்க தொடர்ந்து கொலை நடக்குது, யார் பண்றான்னு இவ கண்டுபுடிக்கிறா. 2022 நவம்பர்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு, ஆனா அவளோட ஆடம்ஸ் குடும்பம் நேத்து பொறந்தது இல்ல, சார்லஸ் ஆடம்ஸ்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் 1938லயே நியூ யார்க்கர் பத்திரிகைல வரைய ஆரம்பிச்சிட்டாரு, அப்புறம் 1964ல டிவி சீரியல், 1991ல சினிமா. அதாவது இந்தப் பொண்ணுக்கு நம்ம தாத்தா பாட்டி வயசு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது கொலையும் இல்ல, அதுல வர்ற டான்ஸும் இல்ல, ரூமு. ரூம்மேட் ஈனிட், கலர் கலரா டிரஸ் போடுற, ஓயாம பேசுற பொண்ணு. பெரிய வட்ட ஜன்னல் முழுக்க கலர் ஒட்டி வச்சிருக்கா. வெட்னஸ்டே வந்து தன் பாதி ஜன்னல்ல இருக்குற கலர எல்லாம் உரிச்சு எடுத்துட்டு, தரைல நடுவுல கருப்பு டேப்ப ஒட்டி கோடு போட்டுர்றா, இது உன் பக்கம் இது என் பக்கம். கட்டிப்புடிக்க வந்தாலே ஒதுங்கிப் போற பொண்ணு, முதல் சீசன் கடைசில ஈனிட் கட்டிப்புடிச்சப்போ அவளும் திருப்பிக் கட்டிப்புடிக்கிறா. யார் கொலைகாரன்ங்கறது நமக்கு மறந்துரும், அந்தக் கட்டிப்புடிச்சது மறக்காது. நடுவுல ரெண்டு பசங்கள வச்சு ஒரு காதல் டிராக் ஓட்டினாங்க பாருங்க, அந்த நேரத்தையும் இந்த ரூமுக்கே குடுத்திருக்கலாம்னு எனக்கு இன்னமும் ஆதங்கம்.

சரி, பேய்க்கதைல சிரிப்பு எதுக்கு, அது பயத்தக் கெடுத்துராதான்னு கேப்பாங்க. காதிக்னு சொல்றாங்களே, பாழடஞ்ச கோட்டை, ரகசிய வழி, பழைய பாவம் திரும்பி வர்றது, அந்த வகைல முதல் நாவல்னு எல்லாரும் சொல்றது ஹோரஸ் வால்போல் 1764ல எழுதினது. அது எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை மேல எங்கேர்ந்தோ வீடு பெருசுக்கு ஒரு தலைக்கவசம் விழுந்து அவன் நசுங்கிச் செத்துருவான். படிக்கிறவனுக்கு அலறணுமா சிரிக்கணுமான்னே புரியாது. ஆக இந்த வகை பொறக்கும்போதே ரெண்டும் ஒட்டிதான் பொறந்துச்சு. அப்புறம் ஜேன் ஆஸ்டின், நார்த்தாங்கர் அபின்னு ஒரு நாவல், அவங்க செத்தப்புறம் 1817 கடைசில வந்துச்சு. அதுல பதினேழு வயசுப் பொண்ணு, பேய் நாவலா படிச்சுத் தள்றவ, ஒரு பழைய மாளிகைக்கு விருந்தாளியாப் போறா. ராத்திரி புயல், ரூம்ல கருப்பா ஒரு பீரோ, தொறந்தா உள்ள சுருட்டி வச்ச காகிதம். ஆஹா ரகசியம் கெடச்சிருச்சுன்னு கை நடுங்குது, மெழுகுவத்தி அணஞ்சு போகுது, விடிய விடியத் தூக்கமில்ல. காலைல பிரிச்சுப் பாத்தா வண்ணானுக்குத் துணி போட்ட கணக்கு. சட்டை இத்தன, காலுறை இத்தன.

சிரிக்கிறீங்க பாருங்க. ஆனா ஆஸ்டின் அதோட நிறுத்தல. அந்த வீட்டுல பேய் இல்ல, சரி. ஆனா வீட்டுக்காரர் இருக்காரே, அந்த மனுஷன் இவகிட்ட காசு இல்லன்னு தெரிஞ்சதும் துணைக்கு ஒரு ஆள் கூட இல்லாம அந்தப் பொண்ண வீட்ட விட்டு அனுப்பிருவாரு. நான் சொல்ல வர்றது இதுதான். நல்ல பேய்க் காமெடில விடை ரெண்டு இருக்கும். ஒண்ணு சிரிக்க வைக்கிற விடை, துணிக் கணக்கு. அதுக்குக் கீழ ஒண்ணு, நெஞ்சுல போய் உக்காந்துக்குற விடை. முதல் விடையோட நிறுத்தினா அது வெறும் துணுக்கு.

எழுதணும்னு ஆசப்படுற பசங்க இங்க நாலஞ்சு பேர் இருக்கீங்கன்னு சொன்னாங்க. ருமேனியால இருக்குற கோட்டையத் தூக்கிட்டு வராதீங்க, அந்த சீரியல்ல முதல் சீசன்ல ஸ்கூல்னு வெளிலேர்ந்து காட்டினது அங்க இருக்குற கான்டாகூசினோ கோட்டைதான், அது அவங்களுக்கு. நமக்கு கோட்டைக்கு என்ன பஞ்சம்? கடலூர் பக்கத்துல தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டை, 1690ல வெள்ளக்காரன் மராட்டியர்கிட்ட வாங்கினான், எப்படி வாங்கினான், கோட்டைலேர்ந்து பீரங்கிய சுட்டு குண்டு போய் விழுற தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் சேத்து எனக்குன்னு வாங்கினான். இன்னிக்கும் அங்க குண்டு உப்பலவாடின்னு ஊரு இருக்கு. ஒரு ஊரோட பேருலயே குண்டு விழுந்து கெடக்குது, இதவிட என்னடா வேணும் கதைக்கு? 1758ல பிரெஞ்சுக்காரன் அந்தக் கோட்டைய இடிச்சான், 1761ல வெள்ளக்காரன் வந்து இந்தப் புதுச்சேரிய இடிச்சுத் தரமட்டமாக்கினான். நீங்க செல்ஃபி எடுக்குற அந்த மஞ்சக் கலர் வீடெல்லாம் அந்த இடிபாட்டுக்கு மேல எழும்பினதுதான். அதுக்கும் ஆயிரம் வருஷம் முன்னாடி போனா கரையேறவிட்டகுப்பம், அப்பரக் கல்லோட கட்டிக் கடல்ல போட்டப்போ அந்தக் கல்லே தெப்பமாகிக் கரை சேந்தாருன்னு சொல்ற எடம். எங்க பாட்டி அந்தக் கதைய ராத்திரில சொல்லும்போது கடல் சத்தமும் சேந்து கேக்கும், எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அப்புறம் நம்ம ஊர்க்காரர் புதுமைப்பித்தன், 1906ல கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல பொறந்தவரு. காஞ்சனைய கட்டாயம் படிங்க. வீட்டு வேலைக்கு ஒரு பிச்சைக்காரி வந்து சேருவா, அவ மனுஷியா பேயான்னு சந்தேகம், கதை சொல்றவர் தன் பயத்தப் பொண்டாட்டிகிட்ட காட்டிக்காம மறைக்கப் படுற பாடு இருக்கே, படிக்கும்போது சிரிப்பு வரும், புத்தகத்த மூடினதும் அடுப்படிப் பக்கம் போக முடியாது.

நம்ம பேய்க்கதைல பனி மூட்டமெல்லாம் வேணாம். கரண்ட் கட், ஐப்பசி மழை, உப்புக்காத்துல துரு ஏறி மூடாத ஜன்னல், ஈரம் காயாத யூனிஃபார்ம் வாடை. அது போதும். நான் அதுல அஞ்சு வருஷம் இருந்தவ.

1996ல எட்டாங்கிளாஸுக்கு என்னக் கடலூர்ல ஒரு ஹாஸ்டல்ல விட்டாங்க, பேரு வேணாம். நாட்டு ஓடு போட்ட பழைய கட்டடம், நீளமா ஹால், ரெண்டு வரிசையா கட்டிலு, கட்டிலுக்கடில ட்ரங்க் பெட்டி. அங்க பேரச் சொல்லிக் கூப்புடுறதே கெடையாது, ஊரச் சொல்லிதான், பண்ருட்டிக்காரி, சிதம்பரத்துக்காரி, நெய்வேலிக்காரி. போன முதல் வாரமே சீனியர் அக்காங்க சொல்லிட்டாங்க, இங்க வடிகஞ்சி ஆயான்னு ஒரு பேய் இருக்கு, மெஸ்ல சமைச்சிட்டிருந்த ஆயா, செத்தப்புறமும் இங்கேர்ந்து போகல, இன்னமும் ராத்திரில சோறு வடிக்கிறாங்கன்னு. நான் நம்பல. மூணாவது நாள் ராத்திரி லைட் அணச்சு எல்லாரும் படுத்தப்புறம் எனக்கே வந்துச்சு அந்த வாசனை. நல்ல வாசனை அரிசி வெந்து இறக்கினா வருமே, அப்படியே அது. மெஸ் பூட்டிக் கெடக்கு, அடுப்பு அணஞ்சு மூணு மணி நேரமாச்சு. கூடவே மேல ஓட்டுல யாரோ மெதுவா நடக்குற சத்தம். போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன், உள்ளயும் வாசனை வருது.

நாங்க நாலு பேரு இதக் கண்டுபுடிக்கிறதுன்னு எறங்கினோம். பண்ருட்டிக்காரிதான் யோசனை சொன்னா, தரைல கோலமாவு தூவிடுவோம், பேய்க்குக் கால் இருந்தா பதியும், இல்லன்னா பேய்னு முடிவாயிரும்னு. அரிசி மாவு போட்டா எறும்பு வந்துரும்னு கல்லுமாவு, வாசல் பெருக்குற ஆயாகிட்ட ரெண்டு முறுக்கு குடுத்து வாங்கினது. ஸ்டோர் ரூம் வாசல்லேர்ந்து தண்ணித் தொட்டி வரைக்கும் சல்லடைல சலிச்சுத் தூவினோம். காலைல மணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஓடிப் போய்ப் பாத்தா, கால் பதிஞ்சிருக்கு. குட்டிக் குட்டிக் கால், அஞ்சு ரூவா காசவிடக் கொஞ்சம் பெருசு, ஒவ்வொண்ணுலயும் விரல் எண்ணினா அஞ்சு. சிதம்பரத்துக்காரி அப்படியே உக்காந்துட்டா. பூனைக்கு நாலு விரல்தான்டி பதியும், இது அஞ்சு, இது கொழந்தடின்னா. ஆயா தனியா வரல, கொழந்தையக் கூட்டிட்டு வர்றாங்கன்னு மத்தியானத்துக்குள்ள ஹாஸ்டல் பூரா பரவி, அன்னிக்கு ராத்திரி ஒரு கட்டில்ல மூணு மூணு பேரு படுத்தாங்க.

வாட்ச்மேன் தாத்தாதான் அந்தக் கால் தடத்தப் பாத்துட்டு ஸ்டோர் ரூம் உத்தரத்துல டார்ச் அடிச்சுக் காட்டினாரு. நீள வாலச் சுருட்டிக்கிட்டு ஒரு மரநாய். பின்னாடி இருந்த சப்போட்டா மரத்துல பழம் திங்க ராத்திரி ராத்திரி போய் வந்துட்டிருக்கு. மரநாய்க்கு அஞ்சு விரல் பதியும். அதுக்கு உடம்புல ஒரு சுரப்பி இருக்கு, அதுலேர்ந்து வர்ற வாசனை வெந்த வாசனை அரிசி மாதிரியே இருக்கும், பயாலஜி மிஸ் சொல்லித்தான் தெரிஞ்சுது. மெஸ்ல சாப்புடும்போது நாங்க எந்திரிச்சு நின்னு சொன்னோம், சிரிச்ச சிரிப்புல பருப்பு ரசமெல்லாம் சிந்துச்சு.

இதுதான் முதல் விடை.

ஆனா மூணாவது பாத்ரூம்ல ராத்திரில ஒரு அழுகைச் சத்தம் கேக்கும்னு சொல்லுவாங்க, அது மட்டும் நிக்கல. மரநாய் அழாதே. நாலு பேரும் ஒரு நாள் ராத்திரி துணி தொவைக்கிற கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்தோம். ஒரு ஆறாங்கிளாஸ் கொழந்த வந்துச்சு, விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம், அந்த வருஷம்தான் சேந்தது. உள்ள போய்க் கதவ சாத்திட்டு பைப்ப முழுசாத் தொறந்து விட்டுச்சு, தண்ணி சத்தத்துல வெளில கேக்காதுன்னு. அரை மணி நேரம். வெளில வந்து எங்களப் பாத்ததும் பயந்து போய் நிக்குது, மூஞ்சி வீங்கியிருக்கு, பாவாடை ஓரமெல்லாம் நனஞ்சிருக்கு. ஏம்மா இங்க வந்து அழுற, இங்க பேய் இருக்குன்னு சொல்றாங்களே, உனக்கு பயமா இல்லையான்னு கேட்டேன். அது சொன்னது இன்னிக்கு வரைக்கும் என் காதுல இருக்கு. பேய் இருக்குறதாலதான்க்கா வேற யாரும் வரமாட்றாங்க. அது யாருகிட்டயும் சொல்லாதுல்ல.

அம்மா ஞாபகமா இருக்குன்னு சொன்னா ஹாஸ்டல்ல கேலி பண்ணுவாங்க. பயமா இருக்குன்னு சொன்னா கூட வந்து படுத்துக்குவாங்க. அந்த ஹால்ல நாப்பது பொண்ணுங்க, நாப்பது பேருக்கும் ஞாயித்துக்கெழம விசிட்டர்ஸ் போனப்புறம்தான் பேய் அதிகமா வரும், அது ஏன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. அம்மா, உங்க பொண்ணு லைட்ட ஆஃப் பண்ண விடலன்னா கருப்பு டிரஸ்ஸ விடுங்க, அவ பக்கத்துல போய்ப் படுங்க.

நெய்வேலிக்காரி எதுவும் பேசல, அந்த ஈரத் தரைலயே அது பக்கத்துல உக்காந்துட்டா. மறுநாள் நாங்க நாலு பேரும் கூடிப் பேசி மெஸ்ல இன்னொரு சேதி சொன்னோம். மரநாய் வேற, ஆயா வேற, ஆயா இப்ப மூணாவது பாத்ரூமுக்குக் குடிவந்துட்டாங்க, ஒம்பது மணிக்கு மேல யாரும் அந்தப் பக்கம் போகாதீங்கன்னு. அந்தக் கொழந்தைக்கு அந்த எடம் வேணும்ல. ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் விஷயம் வார்டன் மேடம் காதுக்குப் போயிருச்சு. அவங்க யாரையும் கூப்புட்டு ஒரு வார்த்த கேக்கல, கதவுல எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டிப் பெரிய பூட்டாப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எங்கள நாலு நாள் மெஸ்ல பாத்திரம் கழுவ விட்டாங்க, அது பரவால்ல. அந்தப் பூட்டுதான் எனக்கு இன்னமும் ஆறல.

அன்னிக்கு ராத்திரி அந்தக் கொழந்த தலகாணிய இடுக்கிக்கிட்டு எங்க வரிசைக்கு வந்து நின்னுச்சு. ஒண்ணும் கேக்கல, நெய்வேலிக்காரி தள்ளிப் படுத்து எடம் விட்டா. கொஞ்ச நேரத்துல மேல ஓட்டுல நடக்குற சத்தம், அந்த வாசனையும் வந்துச்சு. இருட்டுல மெதுவா அது குரல் கேட்டுச்சு, ஆயா வந்துட்டாங்களா அக்கா?

ஆமா, சோறு வடிக்கிறாங்க, நீ தூங்குன்னா நெய்வேலிக்காரி.