ஒரே சட்டி எண்ணெய், வேறு வேறு உடம்பு

(தங்கச்சிமடத்தில் மீனவர் குடும்பங்கள் கூடிய நலக் கூட்டத்தில் ஒரு மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பாம்பனிலிருந்து தொண்டி வரை இந்தக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. ஒரே வீட்டில் அக்காள் ஒல்லி, தங்கை பருமன். இருவருக்கும் ஒரே உலைச் சோறு, ஒரே மீன் குழம்பு. கல்யாண வீட்டில் தங்கையைப் பார்த்ததும் யாராவது ஒருவர், "வாயைக் கட்டக் கூடாதா?" என்று கேட்டுவிடுகிறார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். இன்று அவள் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். அந்தக் கேள்வி மனத்தைப் புண்படுத்துகிறது. அறிவியல்படியும் அது தவறான கேள்வி.

கனடாவின் கியூபெக்கில் நடந்த ஓர் ஆய்வு 1990இல் வெளியானது. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த ஆண் இரட்டையர்கள் 12 சோடி. 100 நாள் அவர்களை ஒரே இடத்தில் தங்கவைத்து, அதில் 84 நாள், தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி அளந்து கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே மிகை. முடிவில் எடை பார்த்தபோது ஒருவருக்கு 4.3 கிலோதான் கூடியிருந்தது, இன்னொருவருக்கு 13.3 கிலோ! ஆனால் சோடி சோடியாகப் பார்த்தால் வேறு கதை. அண்ணனுக்கு நிறைய ஏறியிருந்தால் தம்பிக்கும் நிறைய, அண்ணனுக்குக் குறைவென்றால் தம்பிக்கும் குறைவு. கொழுப்பு உடம்பில் எந்த இடத்தில் சேர்கிறது என்பதிலும் அவர்கள் ஒத்திருந்தார்கள். ஆகவே, மிகையாக உண்டதில் எவ்வளவு உடம்பில் தங்கும் என்பதை மரபணுவும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

2007இல் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவைப் பற்றிய செய்தி வந்தது. அதன் ஒரு வடிவத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற பெரியவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அந்த வடிவம் உள்ள குழந்தைகளைச் சோதித்தபோது, அவர்கள் கொழுப்பும் இனிப்பும் செறிந்த உணவைக் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்த உணர்வு அவர்களுக்குச் சீக்கிரம் வருவதில்லை. தாய்மார்களே, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பசி அவனுக்கு உண்மையான பசி.

"அப்படியானால் தலையெழுத்துதானே, விட்டுவிட வேண்டியதுதானே?" என்று ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். இல்லை, ஐயா. நான் சொல்ல வந்த முக்கியமான செய்தியே இனிமேல்தான் வருகிறது.

அமெரிக்காவில் சுமார் 37,000 பேரின் தரவுகளைக் கொண்டு 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. எண்ணெயில் பொரித்த உணவை வாரம் நான்கு முறையோ அதற்கு மேலோ உண்பவர்களையும், வாரம் ஒரு முறைக்கும் குறைவாக உண்பவர்களையும் ஒப்பிட்டார்கள். பருமனுக்கான மரபணு வடிவங்கள் குறைவாக உள்ள பெண்களிடையே வித்தியாசம் பி.எம்.ஐ. கணக்கில், அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கில், அரை அலகு. அந்த வடிவங்கள் மிகுதியாக உள்ள பெண்களிடையே ஒரு முழு அலகு. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு ஒரு அலகு என்பது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஒரே வாடைக்காற்று பாய் விரித்த வல்லத்தையும் விசைப்படகையும் ஒரே மாதிரி தள்ளுவதில்லை. பொரித்த எண்ணெயும் அப்படித்தான். இதைத் திருப்பிப் பாருங்கள்: மரபணுச் சுமை கூடியவர் எண்ணெயைக் குறைத்தால் அவருக்குக் கிடைக்கும் பலனும் மற்றவரைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

கொழுப்பின் வகையும் முக்கியம். ஏ.பி.ஓ.ஏ.2 என்றொரு மரபணு. அதன் ஒரு வடிவத்தை இரு பக்கத்திலிருந்தும் பெற்றவர்கள், நாளொன்றுக்கு 22 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு (பாமாயில், பால், இறைச்சி, தேங்காய் போன்றவற்றில் உள்ள வகை) உண்டபோது மற்றவர்களைவிடப் பருமனாக இருந்தார்கள். 22 கிராமுக்குக் கீழே இருந்தவரை அந்த வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்காவின் மூன்று மக்கள் குழுக்களில் கண்ட இந்தப் போக்கு, பிறகு சிங்கப்பூரில் வாழும் ஆசியர்களிடமும் தெரிந்தது. இவை மக்களைக் கவனித்து எழுதிய ஆய்வுகள். காரணத்தை முற்றாக நிரூபிப்பவை அல்ல. ஆனாலும் திரும்பத் திரும்ப வரும் சேதியை நான் ஒதுக்க மாட்டேன்.

இப்போது நம் அடுப்படிக்கு வருவோம். நால்வர் உள்ள வீட்டில் மாதம் 6 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிராம். அதில் மட்டும் 400 கலோரி. அது முழுவதும் ரேஷன் பாமாயில் என்றால், நிறைவுற்ற கொழுப்பு 20 கிராமை நெருங்கிவிடும். மேலே பாலும் இறைச்சியும் தேங்காய்ப் பாலும் சேரும்போது 22 எளிதில் தாண்டும். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அந்தக் கொழுப்பு பாமாயிலில் உள்ளதில் பாதிகூட இல்லை. விலை கூடுதல் என்பது எனக்குத் தெரியும்; அதனால்தான் அளவைக் குறைத்து நல்லதை வாங்குங்கள் என்கிறேன்.

நம் கடல் தரும் சூடையிலும் சாளையிலும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு இருக்கிறது. அதைக் குழம்பு வைத்தாலும் சுட்டாலும் அந்தக் கொழுப்பு நமக்குக் கிடைக்கும். ஏலத்தில் ஏற்றுமதிக்குப் போகும் பெரிய மீனை விட்டுவிட்டு, இந்தச் சிறு மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சட்டி நிறைய பாமாயிலில் அதையே பொரித்தால் வேறு கணக்காகிவிடுகிறது. கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பை நான் குறை சொல்ல வரவில்லை. பெருநாளுக்கு அது இருக்கட்டும். நாள்தோறும் மாலையில் கடையில் வாங்கும் பொரித்த பலகாரத்தைத்தான் சொல்கிறேன். படகில் துடுப்புப் போட்ட காலம் போய் இயந்திரம் வந்தது. உழைப்பு குறைந்தது, எண்ணெய் கூடியது. தலைமுறை இரண்டுக்குள் மரபணு மாறவில்லை, வாழ்க்கை மாறிவிட்டது.

மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பருமனோடு தொடர்புடைய மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் பங்கு தனித்தனியே மிகச் சிறிது. அந்தப் பணத்தை வீணாக்க வேண்டாம். பெற்றோர் பருமனாக இருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. பின்வரிசை மேசையில் செவிலியர் அளவு நாடாவோடு இருக்கிறார். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனம் தேவை. அளக்கும்போது யாரும் யாரைப் பற்றியும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. பருமனானவர்கள் தயங்காமல் முதலில் வாருங்கள்; அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டில் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.