என் கால் சைஸ் வியட்நாம்லயே இல்ல மக்களே! | நா ட்ராங் – ஹோய் ஆன் – ஹுவே

மக்களே வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? நான் இப்ப ஹுவேல இருக்கேன். ரூம்லதான். வெளிய மழை ஊத்துது, சத்தம் கேக்குதா? இருங்க, மைக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வச்சுக்கறேன். இன்னைக்கு ஊர் சுத்திக் காட்டுற வீடியோ இல்ல, உக்காந்து பேசத்தான் போறேன். ஏன்னா நேத்து போட்ட ஷார்ட்ஸ்ல கமெண்ட் பூரா ஒரே கேள்வி. மஞ்சக் கலர் வீடு, ஆத்துல மிதக்குற விளக்கு, நூறு வருஷத்து ஓட்டு வீடு, அம்புட்டையும் காட்டியிருக்கேன். அதெல்லாம் யார் கண்ணுக்கும் படல. "அக்கா, ஏன் பாத்ரூம் செருப்போட சுத்துறீங்க?" இது ஒண்ணுதான்.

சொல்றேன். அந்தக் கறுப்பு ஷூ ஞாபகம் இருக்குல்ல? கெளம்புறதுக்கு முன்னாடி டவுன்ஹால் ரோட்டுல கடை கடையா ஏறி எறங்கி ஒரு முழு வீடியோ போட்டேனே, அது. என் கால் ஒம்பதாம் நம்பர்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். மதுரையிலயே லேடீஸ் பக்கம் கிடைக்காது, கடைப்பையன் மாடியேறி ஜென்ட்ஸ் பக்கத்துல இருந்துதான் எடுத்துட்டு வருவான். அந்த ஷூ போச்சு. இந்த நாட்டுல யாரோ ஒரு பொண்ணுகிட்ட இருக்கு. போட்டுருக்க மாட்டா. ரெண்டு காலையும் சேத்து ஒரே ஷூக்குள்ள விட்டாக்கூட எடம் மிச்சமிருக்கும்.

என்ன நடந்துச்சுன்னா, நா ட்ராங்ல இருந்து ஹோய் ஆனுக்கு நைட் ஸ்லீப்பர் பஸ். ஐநூறு கிலோமீட்டருக்கு மேல. இந்த ஊரு ஸ்லீப்பர் பஸ் நம்ம ஊரு மாதிரி இல்ல. மூணு வரிசை, மேல கீழ ரெண்டு தட்டு. முழுசா படுக்கவும் முடியாது, உக்காரவும் முடியாது, பாதி சாஞ்ச மாதிரி இருக்கணும். காலை நீட்டுறதுக்கு முன்னால ஒரு பொட்டி. முன்னால படுத்திருக்கவங்க தலைக்குக் கீழ நம்ம கால் போகும். அஞ்சறைப்பெட்டில தேங்காயத் திணிச்ச மாதிரி இருந்துச்சு என் கால்.

ஏறும்போதே வாசல்ல ஷூவைக் கழட்டணும், அது கட்டாயம். கண்டக்டர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை குடுப்பாரு, ஷூவை அதுல போட்டு நம்மளே வச்சுக்கணும். நல்ல பழக்கம்தான், பஸ் சுத்தமா இருந்துச்சு, நான் குறை சொல்லல. ஆனா அத்தனை பையும் ஒரே வெள்ளைப் பை! நடு ராத்திரில சாப்பிட நிறுத்துனாங்க. எறங்குறப்ப நம்ம ஷூவைப் போட வேண்டாம், படிக்கிட்ட ஒரு கூடை நிறைய ரப்பர் செருப்பு வச்சிருக்காங்க, பொதுச் செருப்பு. யார் வேணா எதையும் மாட்டிக்கலாம். எல்லாரும் நீலக்கலர் செருப்பைப் போட்டுக்கிட்டு வரிசையா பாத்ரூமுக்குப் போறோம். எனக்குப் பாதி குதிகால் தரையில. திரும்பி வந்து படுத்துத் தூங்கிட்டேன்.

காலைல ஹோய் ஆன் வந்து பையைப் பிரிச்சா உள்ள ரோஸ் கலர் ஷூ. அடில 36னு போட்டிருக்கு. பக்கத்து பெர்த் பொண்ணு வழியில எங்கயோ எறங்கிருச்சு, என் பையத் தூக்கிட்டு. கண்டக்டர்கிட்ட ரோஸ் ஷூவைக் காட்டுறேன், என் காலைக் காட்டுறேன். அவரு ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாரு. சிரிக்கக் கூடாதுனு ரொம்பப் பாடுபட்டாரு, பாவம். கடைசில கூடையில இருந்த நீலச் செருப்புல இருக்கறதுலயே பெருசா ஒரு ஜோடி எடுத்துக் குடுத்து, வச்சுக்கங்கனு கையக் காட்டிட்டுப் போயிட்டாரு. அதான் நீங்க பாத்த பாத்ரூம் செருப்பு. போதுமா?

எறக்கிவிட்டதும் ஊருக்குள்ள இல்ல, வெளிய பஸ் ஆபீஸ் வாசல்ல. அப்பவும் மழை. ஒரு விஷயம் சொல்லணும், எனக்கு இதுல பயங்கரக் கோவம். "அக்டோபர் வியட்நாம் சூப்பர் சீசன்"னு எத்தனை ரீல்ஸ் வந்துச்சு! ஹனாய்க்குச் சரி, அங்க அப்பத்தான் வெயில் தணிஞ்சு நல்லாருக்கும். தெற்க சைகோன்லயும் மழை முடியுற நேரம். ஆனா நடுவுல இருக்கற ஹோய் ஆன், டா நாங், ஹுவே? நம்மூருக்கு ஐப்பசி கார்த்திகைல மழை கொண்டு வருதே வடகிழக்குப் பருவக்காத்து, அதேதான் இங்கயும். கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து மலையில மோதிக் கொட்டித் தீத்துரும். ஹோய் ஆன் ஆத்தங்கரைல பழைய வீடுகள்ல எந்த வருஷ வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுனு செவுத்துல குறிச்சே வச்சிருக்காங்க. சில கோடு என் தலைக்கு மேல இருக்கு. நான் குட்டையில்ல, தெரியும்ல. நீள நாடு மக்களே, சைகோன்ல இருந்து ஹனாய்க்கு ரயில் பாதையே 1,726 கிலோமீட்டர். ஒரே சீசன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சரி, செருப்பு. ஊருக்குள்ள நுழைஞ்சதும் கடை கடையா ஏறுறேன். லேடீஸ் சைஸ் 39, மிஞ்சிப்போனா 40, அதோட சரி. நம்ம ஊரு ஒம்பதாம் நம்பருக்கு இங்க 43 வேணும். ஒரு கடையில "இல்ல"னு சொல்றதுக்கு முன்னாடியே காலப் பாத்துட்டு கதவைச் சாத்தப் போயிட்டாங்க. ஆனா பாருங்க, ஹோய் ஆன் ஊரே அளவெடுத்துச் செய்யுற ஊரு. தையக்கடை தெருவுக்குப் பத்து இருக்கு, இன்னைக்கு அளவு குடுத்தா நாளைக்கு உடுப்பு. அதே மாதிரி தோல் செருப்பு, ஷூ செய்யுற கடையும் இருக்கு.

மொத கடையில 12 லட்சம் டாங் கேட்டாங்க, டாங்னா இந்த ஊரு காசு. பயப்படாதீங்க, கணக்கு சொல்லித் தர்றேன். மூணு சைபரை வெட்டுங்க, மிச்சத்தை மூணால வகுத்து பத்தால பெருக்குங்க. ஏறக்குறைய நம்ம ரூபா வந்துரும். அப்ப நாலாயிரம் ரூபா. செருப்புக்கு! நான் எந்திரிச்சுட்டேன். ரெண்டாவது கடையில ஒரு அக்கா, எட்டரை லட்சம்னாங்க. அவங்க கால்குலேட்டர்ல தட்டிக் காட்டுறாங்க, நான் அழிச்சுட்டு 500னு தட்டுறேன், மூணு சைபரை விட்டுட்டு, அதாவது அஞ்சு லட்சம். அவங்க நெஞ்சுல கைவச்சுக்கிட்டு 800. நான் 550. இப்டியே போகுது. மழைக்கு ஒதுங்குன ஒரு தாத்தா ஸ்டூலப் போட்டு உக்காந்து வேடிக்கை பாக்குறாரு. 700ல வந்து நின்னுச்சு. நான் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு அந்த நீலச் செருப்போட படியில காலை வச்சேன். அவங்க செருப்பைப் பாத்தாங்க. என்ன நெனச்சாங்களோ, 650! ஆறரை லட்சம் டாங், நம்ம காசுக்கு 2,170 ரூபா வருது. தோலு, அளவெடுத்தது, என் காலுக்குனே செஞ்சது. டவுன்ஹால் ரோட்டுல அந்த கறுப்பு ஷூ எவ்வளவுனு நியாபகம் இருக்கா? 2,899! இத எங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல மூணு வாட்டி சொன்னேன், அவரு மூணாவது வாட்டி போன வச்சுட்டாரு.

அளவெடுத்ததச் சொல்லாமப் போறேன் பாருங்க. வெள்ளைத்தாளத் தரையில போட்டு என் காலை அதுமேல வைக்கச் சொன்னாங்க. தாள் பத்தல. இன்னொரு தாள ஒட்டுனாங்க. பால்பாயிண்ட் பேனாவால காலைச் சுத்திக் கோடு போடுறாங்க, சுண்டுவெரல்கிட்ட வர்றப்ப கூச்சம் தாங்கல. பெருவெரல் பக்கத்துல எனக்கு எலும்பு துருத்தியிருக்கும், அங்க மட்டும் ஒரு சின்ன பெருக்கல் குறி போட்டுக்கிட்டாங்க. அப்பறம் உள்ள பாத்து ஏதோ கூப்பிட்டாங்க, அவங்க அம்மா வந்து படத்தப் பாத்துட்டு, என்னைப் பாத்துட்டு, தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் காலைல செருப்பு ரெடி. இடது கால் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, அந்த எடத்தத் தண்ணி தொட்டு சுத்தியலால தட்டி இழுத்துக் குடுத்தாங்க. (காலைத் தூக்கிக் காட்டுகிறார்.) இந்தா, இதுதான். ரெண்டு வார், பின்னால பக்கிள். அந்த எலும்பு எடத்துல உறுத்தவே இல்ல. எந்தக் கம்பெனி ஷூவும் எனக்கு இதச் செஞ்சதில்ல.

ஐயோ, சைகோனையே விட்டுட்டேன். அங்க பென் தான் மார்க்கெட் பக்கத்துல நம்ம மாரியம்மன் கோயில் இருக்கு. பிரெஞ்சுக்காரன் காலத்துல வியாபாரத்துக்கு வந்த நம்ம தமிழாளுங்க கட்டுனது. கும்புடுறவங்கள்ல முக்காவாசிப்பேர் வியட்நாம்காரவங்க. கட்டுக்கட்டா ஊதுவத்தி ஏத்திட்டு, பின்பக்கம் போயி கல்லுச் செவுத்துல நெத்தியையும் கையையும் வச்சு, அம்மன்கிட்ட காதோட காதா பேசுற மாதிரி முணுமுணுத்து வேண்டிக்கிறாங்க. நான் பாட்டுக்கு கன்னத்துல போட்டுக்கிட்டு நின்னேன், ஒரு பாட்டி என்னைப் பாத்து அதே மாதிரி போட்டுக்கிச்சு. அத வீடியோ எடுக்கல, எடுக்கத் தோணல.

விசாவையும் கேட்டிருந்தீங்க. இ-விசாதான், ஒரு தடவை நுழையுறதுக்கு 25 டாலர். அரசாங்க வெப்சைட் முகவரி ஜிஓவி டாட் விஎன்னு முடியும், அதுல மட்டும் போடுங்க. அதே மாதிரி தோற்றத்துல நாலு சைட் வரும், ரெண்டு மடங்கு மூணு மடங்கு காசு புடுங்குறதுக்குனே.

புதுச் செருப்போட மொத போன எடம் மீ சோன். ஹோய் ஆன்ல இருந்து 40 கிலோமீட்டர் சொச்சம், காட்டுக்குள்ள செங்கல் கோயில்கள். முன்னாடி இந்தப் பக்கத்த ஆண்ட சம்பா ராஜாக்கள் கட்டுனது, நாலாம் நூற்றாண்டுல பத்ரவர்மன் பத்ரேஸ்வரர்னு சிவனுக்குக் கட்டுனதுல தொடங்கி 13ஆம் நூற்றாண்டு வரைக்கும். செங்கல்லுக்கு நடுவுல சாந்தே தெரியல, நகத்த விட்டுப் பாத்தேன், நுழையல. 1969ல அமெரிக்காக்காரன் குண்டு போட்டதுல பெரிய கோபுரம் போயிருச்சு. பள்ளமெல்லாம் இப்ப புல்லு மொளச்சு கெடக்கு, குண்டு விழுந்த குழினு போர்டு இல்லன்னா குட்டைனு நெனச்சுருவோம். கொஞ்சம் கோயில்கள நம்ம இந்தியத் தொல்லியல் துறை வந்துதான் சீர் பண்ணிக் குடுத்துருக்காங்க, 2020ல அந்த வேலையில ஒரே கல்லுல செஞ்ச லிங்கம் ஒண்ணு தோண்டுறப்ப கெடச்சுச்சு. பாசி புடிச்ச செங்கல்ல தோல் செருப்பு வழுக்குச்சு, அது மட்டும் குறை. மூலைல ஒரு குடைக்கார அண்ணன் புடிக்கலன்னா விழுந்துருப்பேன்.

சாப்பாடு வெரசா சொல்லிர்றேன். காவ் லாவ் நூடுல்ஸ் பிடிச்சுச்சு, பா லே கிணத்துத் தண்ணியில செஞ்சாத்தான் அந்த ருசினு ஊருக்குள்ள சொல்றாங்க. பான் மீ, அதான் இந்த ஊரு சாண்ட்விச், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. புடிக்காதது, எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரு தட்டு பச்சை இலை வைக்கிறாங்கல்ல, அதுல ஒண்ணு மீன் வாசனை அடிக்குது! இலைல மீன் நாத்தம்! மீன் சாப்பிடுறவதான் நான், ஆனா இலை இலையா இருக்கணும். இட்லிப்பொடி டப்பா இன்னும் பாதி இருக்கு.

டா நாங்ல இருந்து ஹுவேக்கு ரயில். ஹாய் வான் கணவாயைச் சுத்தி கடலை ஒட்டிப் போகும், வடக்க போறப்ப வலது பக்கம்தான் கடல். எனக்குக் குடுத்த சீட்டு இடது பக்கம். மூணு மணி நேரம் பாறையும் மரமும் பாத்துக்கிட்டு வந்தேன். கடல் வர்றப்ப கதவுகிட்ட போய் நின்னு எடுத்ததுதான் நீங்க பாக்கப் போறது, கண்ணாடி அழுக்கா தெரிஞ்சா என்னை ஏசாதீங்க.

இப்ப காப்பி மார்க். நம்ம சேனல் வழக்கம்தான, விடமுடியாது. இவங்க டம்ளர் மேல ஃபின்னு ஒரு குட்டி ஃபில்டர வைப்பாங்க, சொட்டுச் சொட்டா எறங்கும், அடில மில்க்மெய்ட் இருக்கும். ரொபஸ்டா, செம திக்கு. பத்துக்கு எட்டு. ஹுவேல உப்புக் காப்பி, 2010ல இந்த ஊர்லதான் ஆரம்பிச்சாங்களாம். மேல உப்புப் போட்ட கிரீம். மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத்தான் வாய வச்சேன், ரெண்டாவது டம்ளர் வாங்கிட்டேன். எட்டரை. ஆமா, கும்பகோணத்துக்கு ஒம்பதுதான் குடுத்துருக்கேன், சண்டைக்கு வாங்க.

நாளைக்கு ராத்திரி ஹனாய் ரயில். நாலு பெர்த் கூபேல கீழ் பெர்த் போட்டிருக்கேன், மேல விட காசு ஜாஸ்தி. ஆறு பெர்த்ல மேல் தட்டுல உக்காந்தா தலை நிமிரவே முடியாது, என் உயரத்துக்கு ஆகாது. ஹனாய்ல முட்டைக் காப்பி குடிக்கச் சொல்லி எல்லாரும் எழுதியிருக்கீங்க. 1946ல பால் தட்டுப்பாட்டுல முட்டை மஞ்சக்கருவ அடிச்சு ஊத்தி ஆரம்பிச்சதாம். பச்சை முட்டைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்னு தெரிஞ்சும் எழுதுறீங்க பாருங்க. குடிக்கிறேன், ஆனா மார்க்கு என் இஷ்டம். வரட்டா.