கோர்வைக்கு உரிய கூலி

அவையோருக்கு வணக்கம்.

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டதன் நினைவாக, 2015 முதல் இந்நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடி வருகிறோம். கைத்தறி என்றால் என்ன என்று 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கேட்டால், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறியே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சோதனைக்கு வரும் அதிகாரிக்கு அது போதும். கை அங்கே என்ன செய்கிறது என்று அறிய விரும்புகிறவர், காஞ்சிபுரத்தில், சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி இழையால் நெய்து கோக்கும் ஒரு கோர்வைத் தறியின் அருகே அரை மணி நேரமாவது உட்கார வேண்டும்.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமான சேலையில், ஊடை எனும் குறுக்கு இழையைச் சுமந்தபடி, இரு கரைகளுக்கு இரண்டும் உடலுக்கு ஒன்றுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இறுக்கினால் அந்த இடம் சுருங்கும், தளர்த்தினால் இழை வளையமாகத் தொங்கும். எவ்வளவு இழுப்பது என்பதை ஒவ்வோர் ஊடைக்கும் விரல்தான் முடிவு செய்கிறது.

கையால் செய்வதெல்லாம் உயர்வு என்று பேச நான் வரவில்லை. நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுவதை மோட்டார் செய்யட்டும். நாள் முழுதும் ராட்டையைச் சுற்றித் தோள்வலி வாங்கிய பெண்களிடம் அதன் அழகைப் பற்றிப் பேசிப் பாருங்கள், தெரியும். மூன்றாவது நாடாவுக்குத் துணையாள் ஒருவர் தேவை. அந்த இடத்தில் முன்பு பெரும்பாலும் சிறுவர்களே உட்கார்ந்தார்கள். அவர்கள் பள்ளிக்குப் போனதால் கோர்வை அருகிவிட்டது என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளர்ந்த ஆள் ஒருவருக்குரிய கூலியைச் சேலையின் விலையில் சேர்க்க மனமில்லாததை, பிள்ளைகளின் படிப்பின்மேல் ஏன் சுமத்த வேண்டும்?

முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய சட்டம், பின்னர் அவற்றை 11 ஆகக் குறைத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் துணியின் பெயர் இருக்கிறது, நெய்பவரின் நேரம் இல்லை. அறுந்த பாவிழையை, அதாவது நெடுக்கு இழையை, தேடியெடுத்து, முடிச்சிட்டு, பாவைத் தூக்கி இறக்கும் விழுதில் கோத்து, ஊடையை அடித்து நெருக்கும் அச்சின் பல்லுக்குள் இழுத்துவிடும் நேரமெல்லாம், சேலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலிக்குள் கரைந்துபோகிறது. கோர்வைக்கும் துணையாளுக்கும் இழை பிணைப்பதற்கும் கூலிச் சீட்டில் தனித்தனி வரி எழுதத் தொடங்குமாறு கூட்டுறவுச் சங்கங்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.